பக்தர்கள் எங்கே போனார்கள்?

'சூப்பர்நேச்சுரல்' தொடரின் ஐந்தாவது சீசனில் 'ஹாமர் ஆஃப் த காட்ஸ்' என்று ஒரு எபிசோட். 2010இல் வந்தது. இண்டியானா மாநிலத்தில் ஒரு ஹோட்டல், வெளியே அடைமழை, உள்ளே தெய்வங்களின் மாநாடு. ஓடின், பால்டர், மெர்க்குரி, ஹைட்டியின் வூடூ மரபிலிருந்து பாரன் சமேதி, நம்ம பக்கத்திலிருந்து காளியும் கணேசரும். கிறிஸ்தவ மரபு சொல்கிற ஊழிக்காலம் வந்துவிட்டது, மைக்கேலும் லூசிஃபரும் மோதப்போகிறார்கள், நம்ம கதி என்ன என்று பேசத்தான் கூடியிருக்கிறார்கள். விருந்துக்கு மனித மாமிசம். கடைசியில் லூசிஃபர் உள்ளே வருகிறான், அநேகமாக எல்லோரையும் கொன்றுபோடுகிறான். காளி தப்பிக்கிறாள், அதுவும் நாயகர்களின் தயவில்.

கல்லூரி விடுதியில் ஐந்து பேர் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பார்த்தோம். "பிள்ளையாரையே போட்டுட்டானேடா" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மனம் புண்பட்டதா என்றால், இல்லை. ஆனால் என்னவோ உறுத்தியது. அது என்னவென்று பிடிபட ரொம்ப நாளானது.

இந்த மாதிரி விஷயங்களில் பேச்சு வழக்கமாக ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். 1999இல் 'ஸீனா' தொடரில் கிருஷ்ணனும் அனுமனும் வந்தபோது இந்து அமைப்புகள் எதிர்த்தன. எபிசோடைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, பிறகு திருத்தி ஒளிபரப்பினார்கள். மரியாதை கொடுத்தார்களா, இல்லையா? அதோடு விவாதம் முடிந்தது. எனக்கு இந்த அளவுகோல் போதவில்லை. சாமியைச் சீண்டுவது நமக்கு என்ன புதுசா? சுந்தரர் பாட ஆரம்பித்ததே சிவனைப் பித்தன் என்று சொல்லித்தான். 'திருவிளையாடல்' (1965) படத்தில் நக்கீரர் சிவனோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டுவதை நம்ம பாட்டிகள் டிவியில் பத்துத் தடவை பார்த்து ரசித்தார்கள். மழை பொய்த்தால் மாரியம்மனை வாய்க்கு வந்தபடி திட்டுகிற கிழவி இன்றைக்கும் ஊரில் இருக்கிறாள். அங்கெல்லாம் திட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் சாமிக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

அந்த ஹோட்டலில் அது இல்லை. தெய்வங்கள் வந்திருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிற ஒரு ஆள்கூடக் கதைக்குள் இல்லை. இவ்வளவுக்கும் எபிசோடின் நடுவில் காளி வெளுத்து வாங்குகிறாள். மேற்கத்தியர்களே, உங்களுக்கு என்ன திமிர், உலகத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்களா, நாங்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம், உங்களுக்கு முன்னாலேயே வந்தவர்கள் என்கிறாள். சரியான கேள்வி. எழுதியவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் லூசிஃபர் வந்து பதில் சொல்லிவிடுகிறான். காளி சொன்ன அந்தக் கோடிக்கணக்கில் ஒருத்தராவது திரையில் தெரிந்திருந்தால் அந்தப் படுகொலையை இவ்வளவு சுலபமாக எழுதியிருக்க முடியாது.

தொடரின் ரசிகர்கள் உடனே மறுப்பார்கள்: பின்னால் வந்த சீசன்களில் கடவுளையே வில்லனாக்கினார்களே! உண்மைதான். சக் என்ற எழுத்தாளனாகக் கடவுள் வருகிறார், கடைசி சீசனில் அவர்தான் எதிரி. ஆனால் வில்லனாக இருக்கும்போதும் உலகத்தையே படைத்தவர் அவர்தான். காளிக்குக் கிடைத்தது ஒரு எபிசோடும் ஒரு ஹோட்டல் ரூமும்.

இதற்குப் பக்கத்தில் 'அமெரிக்கன் காட்ஸ்' (2017–2021) தொடரை வைத்துப் பாருங்கள். நீல் கெய்மன் 2001இல் எழுதிய நாவலின் அடிப்படையே பக்தர்கள்தான். குடியேறிகள் தங்கள் தெய்வங்களை மனசுக்குள் சுமந்துகொண்டு அமெரிக்கா வருகிறார்கள். கும்பிடுகிறவர்கள் குறையக் குறைய தெய்வங்கள் நொடித்துப்போகின்றன. இரண்டாவது எபிசோடின் தொடக்கத்தில், 1697இல், ஒரு அடிமைக் கப்பல். சங்கிலியில் கிடக்கிறவன் அனான்சியை வேண்டுகிறான். பகட்டான கோட் சூட்டில் அனான்சி வந்து நிற்கிறார். ஆறுதல் சொல்லவில்லை. அடுத்த முன்னூறு வருஷத்துக்கு உங்களுக்கு என்னவெல்லாம் நடக்கப்போகிறது என்று சொல்லி, கப்பலைக் கொளுத்தச் சொல்கிறார். கொளுத்துகிறார்கள். கரைக்கு ஒரு பலகை ஒதுங்குகிறது, அதன் மேல் ஒரு சிலந்தி. தன்னைக் கூப்பிட்டவர்களைச் சாகவிட்டுத்தான் அந்தத் தெய்வம் அமெரிக்காவில் கால் வைக்கிறது. இதில் பக்தி அதிகமா, நிந்தனை அதிகமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது மூன்றாவது எபிசோடில் வரும் ஃபாதில் அம்மா. நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியில் வாழும் எகிப்தியக் கிழவி. சமையலறையில் எதையோ எட்டி எடுக்கப்போய் விழுந்து செத்துப்போகிறாள். கூட்டிப்போக வருவது அனுபிஸ். நான் முஸ்லிம் ஆச்சே, நீ எதற்கு வந்தாய் என்கிறாள். சின்ன வயதில் உனக்கு ஒருத்தி எங்கள் கதைகளைச் சொன்னாளே, அந்த நன்றிக்காக வந்தேன் என்கிறார் அவர். தொழுகை ஒரு பக்கம், பாட்டி சொன்ன கதை ஒரு பக்கம். ஒரே ஆளுக்குள் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் இந்துக்களையும் நாகூருக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிழவியைப் புரியவைக்கத் தேவையில்லை.

அதே தொடரில் ஓமான் நாட்டு சலீம், டாக்சி ஓட்டும் ஜின்னைக் காதலிக்கிறான், அவனைத் தேடிப்போகும் பயணத்தின் நடுவே வண்டியை நிறுத்தித் தொழவும் செய்கிறான். ஆறாவது எபிசோடில், மெக்ஸிகோவிலிருந்து ஆற்றைக் கடந்து வருகிறவர்களோடு இயேசுவும் வருகிறார். மூழ்கப்போனவனைத் தூக்கிவிடுகிறார். அக்கரையில் துப்பாக்கியோடு காத்திருக்கிறவர்களின் கையில் ஜெபமாலை. சுடப்படுகிறவரும் சுடுகிறவர்கள் கும்பிடுகிறவரும் ஒருவரே. இதை எடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

இவ்வளவு செய்தவர்கள் காளியிடம் வந்ததும் கோட்டைவிட்டார்கள். இரண்டாவது சீசனில் (2019) மாமாஜி என்ற பெயரில் வருகிறாள், மோட்டலில் பரிமாறும் வேலை. சகினா ஜாஃப்ரி நன்றாகத்தான் செய்கிறார், கண்ணில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆனால் அவளைக் கூப்பிட்டு அழுகிற ஆள் யாருமில்லை. அவளுக்கென்று ஒரு ஃபாதில் அம்மா இல்லை. தொடரின் கணக்குப்படியே பார்த்தாலும் இது உதைக்கிறது. வழிபாடுதான் பலம் என்றால், எப்போதோ மறக்கப்பட்ட ஓடின் கூட்டத்துக்குத் தலைவர், இன்றைக்கும் பூசை வாங்குகிறவள் ஓரமாக நிற்கிறாள். அமெரிக்காவில் கும்பிடுகிறவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள் என்று நாவலின் பக்கம் நின்று சமாதானம் சொல்லலாம். சரி, அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அதே க்வீன்ஸில், ஃப்ளஷிங்கில், 1977இலிருந்து வல்லப கணபதிக்குக் கோயில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கேண்டீன், தோசைக்குப் பேர்போனது. எழுத்தாளர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போய் ஒரு மசால் தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். மாமாஜிக்கு வேண்டிய பக்தை பக்கத்து மேசையிலேயே இருந்திருப்பாள், மகனுக்கு விசா கிடைக்கவில்லையே என்று சாமியைத் திட்டிக்கொண்டு.