ஒண்ணா, ரெண்டா?

காக்ஸ் டவுனில் என்ன விசேஷம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் மற்றவர்கள் மார்க்கெட்டைச் சொல்வார்கள், பேக்கரிகளைச் சொல்வார்கள். நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையைச் சொல்வேன். பெயரைப் போட்டால் விளம்பரமாகிவிடும் என்பதால் பெயர் இல்லாமலே புகழ்கிறேன். வீலர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தையல் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முன்னால் வரிசையாகப் பிரேம்கள், பின்னால் ஒரு பச்சைத் திரை. திரையை விலக்கினால் 3 மீட்டர் நீளத்தில் ஓர் இருட்டறை. கண் பரிசோதனைக்கு 6 மீட்டர் தூரம் வேண்டுமே? எழுத்துப் பலகையை நம் தலைக்கு மேலே மாட்டி, எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துவிட்டார்கள். ஒளி போய்த் திரும்பி வருவதற்குள் 6 மீட்டர் ஆகிவிடுகிறது. காக்ஸ் டவுன் வாடகைக்கு இதைவிட நல்ல பதில் யாரிடமாவது இருக்கிறதா?

பரிசோதிப்பவர் கோலார் தங்கவயல் பெண். தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்து போகிறவர், ஆப்டோமெட்ரி படித்தவர். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அந்த அறைக்குள் அவர்தான் எனக்கு வாத்தியார். உருது பேசும் பாட்டியிடம் தக்கனி, ஆட்டோக்காரரிடம் கன்னடம், என்னிடம் தங்கவயல் தமிழ் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவார். என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் இடையில் ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணை வைத்துக்கொண்டு பிழைக்கிறேன். வேறு இடங்களில் இயந்திரத்தில் தாடையை வைத்து, தூரத்தில் நிற்கும் பலூன் படத்தைப் பார்த்து, கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வெளியே வந்திருக்கிறேன். இங்கேயும் அந்த இயந்திரம் உண்டு. ஆனால் சீட்டு வந்த பிறகுதான் சோதனையே தொடங்குகிறது!

முதலில் ரெட்டினோஸ்கோப். இதைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன். விளக்கை அணைத்துவிட்டு, என்னைத் தூரத்துப் பலகையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு கை நீளத்தில் உட்கார்ந்துகொண்டு, கைவிளக்கிலிருந்து மெல்லிய கோடாக ஒளியை என் கண்ணுக்குள் விடுகிறார். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி கண்பாவைக்குள் செம்மஞ்சளாக மினுங்கும். விளக்கை அசைத்தால் அந்த மினுக்கமும் ஓடும். கூடவே ஓடினால் ஒரு பொருள், எதிர்ப்பக்கம் ஓடினால் வேறு பொருள். முன்னால் லென்ஸை மாற்றிக்கொண்டே போகிறார். ஒரு லென்ஸில் ஓட்டம் நின்று பாவை முழுதும் ஒரே வீச்சில் பளிச்சிடுகிறது. அவர் இருந்த தூரம் 67 சென்டிமீட்டர் என்றால் அதற்காக 1.50 கழித்துவிட வேண்டும். மிச்சம் என் கண்ணின் பவர். இத்தனை நேரமும் நான் வாயே திறக்கவில்லை. குய்ன்யே என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் 1873இல் விவரித்த வித்தை இது. பேசத் தெரியாத குழந்தைக்கும், எழுத்தறியாதவருக்கும், காது கேளாதவருக்கும் இதே விளக்கு பவர் சொல்லிவிடுகிறது. இதைக் கோயில் திருவிழாவில் காட்டினால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்ப்பேன்.

அடுத்தது எழுத்துப் பலகை. கடையில் ஆங்கிலம், கன்னடம், எண்கள், நாலு திசையும் திரும்பி நிற்கும் ஆங்கில ‘E’ ஆகியவற்றோடு ஒரு தமிழ்ப் பலகையும் தொங்குகிறது. உத்ரெக்ட் நகரத்து ஸ்னெல்லன் 1862இல் போட்ட கணக்குதான் இன்றும் அடிப்படை. ஒரு பாகையை 60 கூறாக்கி அதில் 5 கூறு அளவு எழுத்தின் உயரம், 1 கூறு அளவு கோட்டின் தடிமன். 6 மீட்டர் தூரத்தில் இது கிட்டத்தட்ட 8.7 மில்லிமீட்டர் எழுத்து. அதைப் படித்துவிட்டால் 6/6. மெல்போர்னில் பெய்லியும் லவியும் 1976இல் இதைச் செப்பனிட்டு, வரிக்கு 5 எழுத்து, வரிக்கு வரி ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போவது என்று ஒழுங்குபடுத்தினார்கள். தமிழ் எழுத்துகளில் அப்படி ஒரு பலகையை உருவாக்கிச் சரிபார்த்த ஆய்வு 2009இல் வந்தது. அது எவ்வளவு பெரிய வேலை என்று மெய்ப்புக்காரனுக்குத்தான் தெரியும். ‘ட’வும் ‘ஞ’வும் ஒரே உயரத்தில் அச்சானாலும் ஒரே அளவு தெரியாது. ‘ட’ இரண்டே கோடு. ‘ஞ’ கோடுகள் நெருங்கிக் கிடப்பது, கொஞ்சம் மங்கினாலும் கரும்புள்ளியாகிவிடும். ஒரே அளவு சிரமம் தரும் எழுத்துகளாகப் பொறுக்கி எடுத்தால்தான் ஒரு வரியைப் படித்ததற்கு மதிப்பு உண்டு.

என்னிடம் அவருக்கு ஒரு தொல்லை. வடிவத்தின் நிழலைப் பார்த்தே எழுத்தைச் சொல்லிப் பழகிய வாய் இது. ரெண்டு வரி போனதும் கண்டுபிடித்துவிட்டார். “சார், படிக்காதீங்க. தெரியறதை மட்டும் சொல்லுங்க” என்று சொல்லி வேறு வரிசையை மாற்றிப் போட்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பிறகு வந்தது தலைப்பில் இருக்கும் கேள்வி. கைப்பிடி வைத்த ஒரு சின்ன லென்ஸைக் கண் முன்னால் வைத்து, படக்கென்று திருப்பி, “ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?” என்பார். எட்வர்ட் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் கிராஸ் சிலிண்டர் அது. அஸ்டிக்மாட்டிசம் உள்ள கண்ணில் கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்காது. அதைச் சரிக்கட்டும் சிலிண்டர் பவருக்கு அளவும் வேண்டும், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்ற ஆக்ஸிஸும் வேண்டும். சாய்வு 5 பாகை பிசகினாலே சுமார் 17 சதவீதம் கோளாறு மிஞ்சிவிடும். 30 பாகை பிசகினால் சிலிண்டரே போடாததற்குச் சமம். அதனால்தான் இந்த ஒண்ணா ரெண்டா. இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது என்று சொல்லும்வரை அவர் விடுவதில்லை. நான் தயங்கும்போதெல்லாம் “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார், அதுவும் பதில்தான்” என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்படி ஒரு வாத்தியார் வாய்த்திருந்தால் கணக்குப் படித்திருப்பேன்.

கண்ணில் இப்படி ஒரு கோளாறு இருப்பதை உலகுக்குச் சொன்னவர் தாமஸ் யங். 1801இல் தன் கண்ணிலேயே கண்டார். அதற்கு லென்ஸ் செய்யவைத்தவர் வானியலாளர் ஏரி. 1825 வாக்கில் தன் இடக்கண்ணைத் தானே அளந்து, இப்ஸ்விச் ஊர் கண்ணாடிக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சிலிண்டர் லென்ஸ் தேய்க்கச் சொன்னார். தன் கண்ணையே ஆய்வுக்கூடமாக்குவதில் நம் ஊர்ப் பெரியவர் ஒருவரும் சளைத்தவரில்லை. திருச்சிக்காரர் சி.வி. ராமன், இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மேக்ரி சர்க்கிள் பக்கம் உள்ள தன் ஆய்வு நிலையத்தில் முதுமையில் பார்வையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். பளிச்சென்ற வெண்திரையை நிறவடிகட்டி வழியே உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று வடிகட்டியை எடுத்தால் தன் விழித்திரையின் நடுப்பகுதியே படமாகத் தெரிகிறது என்று எழுதினார். 1968இல் பார்வையின் உடலியல் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலே போட்டார். ராமன் விளைவைத் தெரிந்த பெங்களூருக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பவர் முடிவானதும் லென்ஸ். இங்கேதான் என் பைத்தியம் முற்றியது. தட்டை லென்ஸில் நடுவில் பார்த்தால் தெளிவு, விழியைப் பக்கவாட்டில் திருப்பினால் மங்கல். 1804இல் வொல்லாஸ்டன் லென்ஸை முகத்தை நோக்கிக் குழிவாக வளைக்கலாம் என்றார். ஒவ்வொரு பவருக்கும் எந்த வளைவு சரி என்று கணக்குப் பார்த்து, 1912இல் ஸைஸ் நிறுவனத்தின் மோரிட்ஸ் ஃபான் ரோர் ‘புங்க்டால்’ லென்ஸைக் கொண்டுவந்தார். ஒரே பவர் உள்ள லென்ஸின் கதை பெரும்பாலும் அதோடு முடிந்தது. வெள்ளெழுத்து வந்தவர்களின் கதைதான் சுவையானது.

நாற்பதுக்கு மேல் கண்ணின் உள்லென்ஸ் விறைத்துப்போகிறது. 40 சென்டிமீட்டரில் படிக்க 2.50 பவர் வேண்டும், கண்ணால் அவ்வளவும் தர முடியாமல் போகும்போது கண்ணாடி ஈடுகட்ட வேண்டும். அந்தப் பெண் என்னை ஒரு மெய்ப்புத் தாளைக் கொண்டுவரச் சொல்லி, வழக்கம்போலப் பிடிக்கச் சொல்லி, மூக்கிலிருந்து தாள் வரை டேப் வைத்து அளந்தார். கணினித் திரைக்கு எவ்வளவு தூரம் என்றும் கேட்டார். என் கூடுதல் பவர் 2.00 என்று முடிவானது. இனி ஒரே லென்ஸில் மேலே தூரம், கீழே கிட்டம், நடுவில் திரை. பைஃபோகலின் கோடு இல்லாமல் இதைச் செய்து 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் பெர்னார்ட் மெத்தனாஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். புரோகிரசிவ் எனப்படும் இந்த வகையில் வேரிலக்ஸ் லென்ஸ் அவருடையதுதான்.

ஆனால் கணக்கு சும்மா விடுமா? 1963இல் மின்க்விட்ஸ் என்பவர் ஒன்றை நிறுவினார். மேலிருந்து கீழே பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத அஸ்டிக்மாட்டிசம் முளைக்கும். தப்பவே வழியில்லை. என் லென்ஸில் 2.00 பவர் 14 மில்லிமீட்டர் இறக்கத்தில் ஏறுகிறது, அதாவது மில்லிமீட்டருக்கு ஏழில் ஒரு பங்கு. அப்படியானால் பக்கவாட்டில் மில்லிமீட்டருக்கு ஏழில் இரண்டு பங்கு கோளாறு. அரை பவர் வரை கண் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், நடுக்கோட்டின் இருபுறமும் 1.75 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சந்து! நான் திரையில் பார்க்கும் உலகம் முழுதும் அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது. ‘மங்கலே இல்லாத புரோகிரசிவ்’ என்று எங்காவது பலகை கண்டால் இனி நான் நின்று சிரித்துவிட்டுத்தான் நகர்வேன். வடிவமைப்பவரால் கோளாறை ஒழிக்க முடியாது, எங்கே வைப்பது என்று தீர்மானிக்கத்தான் முடியும். தையல்காரர் பிசிறை உள்பக்கம் மடிப்பதுபோல, கண் அதிகம் போகாத மூலைகளுக்கு அதைத் தள்ளுகிறார். ஓரத்தில் குவித்துவிட்டால் நடு அகலமாகும், ஆனால் ஓரம் கடுமையாகும். எங்கும் பரப்பிவிட்டால் நடக்கும்போது தரை மிதக்காது, ஆனால் நடு குறுகும். நாள் முழுதும் பக்கம் பார்ப்பவனுக்கு ஒன்று, ஸ்கூட்டர் ஓட்டுபவனுக்கு இன்னொன்று. இதற்காகத்தான் அந்தப் பெண் என் தொழிலை அத்தனை குடைந்து கேட்டிருக்கிறார்!

சந்து 3.5 மில்லிமீட்டர் என்றால் அதைக் கண்பாவைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவது யார் பொறுப்பு? இங்கே அந்தப் பெண்ணுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். பிரேமை என் முகத்தில் மாட்டி, காதுக் கொக்கியைச் சூடாக்கி வளைத்து, மூக்குத் தாங்கியைச் சரிசெய்து, அதற்கப்புறம்தான் மார்க்கர் பேனாவை எடுத்தார். மூக்கின் நடுவிலிருந்து கண்பாவை வரை வலக்கண்ணுக்கு 31.5 மில்லிமீட்டர், இடக்கண்ணுக்கு 33. முகம் இரண்டு பக்கமும் ஒன்றல்ல, எனவே மொத்தத்தைப் பாதியாக்கிப் போடக்கூடாது என்றார். ஆயிரக்கணக்கில் விலையுள்ள லென்ஸை வாங்கி, அளவை மட்டும் குத்துமதிப்பாக எடுத்தால் அந்தப் பணம் வீண். என்னைக் கேட்டால் லென்ஸின் பெயரை இரண்டாவதாகக் கேளுங்கள், அளப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

கண்ணாடி வந்த நாள்! மாட்டிக்கொண்டு மார்க்கெட் வரை நடந்தேன். கீரைக்கட்டின் ஒவ்வொரு இலையும், எதிர்மாடிக் கொடியில் துணிக் கிளிப்பின் நிறமும், பஸ் பலகையும் தெரிந்தன. படியில் இறங்கும்போது தாடையைத் தாழ்த்தச் சொல்லியிருந்தார், தாழ்த்தினேன். வீட்டுக்கு வந்து அடிக்குறிப்பு எழுத்தில் ஒரு பக்கம் படித்தேன். ண, ன எல்லாம் தத்தம் சுழிகளோடு நின்றன. என் வீட்டுக்காரி “முதல் தடவை உலகத்தைப் பார்க்கற மாதிரி ஆடாதீங்க” என்றாள்.

ஆடத்தான் செய்வேன். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வெறும் கிட்டப் படிக்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்திருந்தது. கொழுந்து எது, முற்றல் எது என்று தெரிந்தால் கை தானே ஓடுகிறது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையில் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்தச் சோதனைகளைச் செய்யவைக்கிறார்கள். சென்னையில் சங்கர நேத்ராலயா சார்பில் 1985இல் எலைட் ஆப்டோமெட்ரி பள்ளி வந்தது, நாலு வருடப் பட்டப்படிப்பு. வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் இந்தப் படிப்பையும் யோசியுங்கள் என்று சந்திக்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேடிக்கை. புரோகிரசிவ் லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளைப் பொறித்திருப்பார்கள், ஒன்றுக்கொன்று 34 மில்லிமீட்டர் இடைவெளியில். லென்ஸின் மேல் வாயால் ஊதினால் ஆவி படியும்போது குறிகள் ஒரு நொடி எட்டிப் பார்க்கும். கற்றுக்கொண்ட நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர் எல்லோரிடமும் கண்ணாடியைக் கழற்றி வாங்கி ஊதிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் மாட்டியிருந்த வட்டப் பிரேமில் ஊதினால் ஒரு பக்கக் குறிகள் சரிந்து கிடந்தன. வட்டப் பிரேமுக்குள் லென்ஸ் சுழன்றிருக்கிறது, சிலிண்டரின் சாய்வும் சேர்ந்து சுழன்றிருக்கும். மனுஷன் தலைவலிக்குக் காப்பியைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் மாரிக்குப்பம் ரயில் வருவதற்கு முன்பே அவரைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.