பேயும் வாடகையும்: சார்லட் றிடெலின் ‘குடியிராத வீடு’

பேய்க்கதைகளை ஆய்வுக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் எம்மிடையே அதிகமில்லை. பொழுதுபோக்கு எழுத்தென்றும் மூடநம்பிக்கையின் எச்சமென்றும் முற்போக்கு விமர்சகர் அவற்றை ஒதுக்கிவிடுவதுண்டு. ஆயினும், ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகிறது என்பது அச்சமூகத்தின் உடைமை உறவுகளோடு பிணைந்த கேள்வியாகும். 1875இல் வெளிவந்த ‘குடியிராத வீடு’ என்னும் ஆங்கிலக் குறுநாவல் இதற்குத் தக்க சான்று. அதனை எழுதிய சார்லட் றிடெல் இன்று பெரிதும் மறக்கப்பட்டவர்.

கதை தொடங்கும் இடமே நோக்கத்தக்கது. அது பாழடைந்த கோட்டையன்று. இலண்டன் சட்டத்தரணிகளின் அலுவலகம். றிவர் ஹோல் என்ற வீட்டை வாடகைக்கு எடுப்போர் எவரும் அங்கே நிலைப்பதில்லை. ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறிய கேணல் மொறிஸ்மீது வழக்குத் தொடரப்படுகிறது. ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வி, வாடகை செலுத்த வேண்டுமா என்ற கேள்வியாக நீதிமன்றத்திலே உருமாறுகின்றது. வீடு ஹெலனா என்ற இளம்பெண்ணுக்கு உரியது. அவளும் அவளை வளர்க்கும் தாயின் சகோதரி மிஸ் பிளேக்கும் அதன் வருமானத்தையே நம்பியிருக்கின்றனர். உடைமை அவளுடையது, அதன் பயன் அவளுக்கு எட்டுவதில்லை.

அங்கு உலவும் உரு அவளது தந்தை எல்ம்ஸ்டேலினுடையது. அவர் வட்டிக்குப் பணம் கொடுத்தவர். அவரது மரணம் கொலையென இறுதியில் வெளிப்படுகிறது. கொன்றவர் அவரிடம் கடன்பட்டு அவர் பிடியில் சிக்கியிருந்த ஹரிங்போட். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1867இல், ‘மூலதனம்’ முதற்றொகுதியிலே மார்க்ஸ் மூலதனத்தை உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டிருந்தார். றிடெல் மார்க்ஸைக் கற்றாரெனக் காட்ட வேண்டிய தேவையில்லை. இருவரும் ஒரே நகரில், ஒரே கடன் உலகின் நடுவே இருந்து எழுதினர். செத்த பணம் உயிருள்ளோரை ஆட்டிப்படைப்பதை ஒருவர் ஆய்வாகவும் மற்றவர் கதையாகவும் கண்டனர் எனலாம்.

இனி, ஆசிரியை தம்மை மறைத்துக்கொண்டமை பற்றி நோக்குவோம். அயர்லாந்தில் 1832இல் பிறந்த றிடெல், தந்தை இறந்தபின் வறுமையுற்று, 1855இல் தாயுடன் இலண்டன் வந்து எழுத்தைத் தொழிலாகக் கொண்டார். தொடக்க நூல்கள் புனைபெயர்களிலேயே வந்தன. வணிக உலகைச் சித்திரித்துப் புகழ்பெற்ற ‘ஜோர்ஜ் கீத்’ நாவலும் 1864இல் எவ். ஜீ. ட்ரபோட் என்ற பெயரையே தாங்கி வந்தது. பின்னர் தம்மை வெளிப்படுத்தியபோதும் ‘திருமதி ஜே. எச். றிடெல்’ என்றே கையெழுத்திட்டார், அம்முதலெழுத்துக்கள் கணவருடையவை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனைச் சேர்ந்தது என்பதை இவ்விடத்தில் மனங்கொள வேண்டும். 1871இல் கணவர் வங்குரோத்தடைந்தார். கடன்களை அடைக்கும் சுமை அவரது பேனாவின்மேல் விழுந்தது. நான்கு ஆண்டுகளின் பின்னரே ‘குடியிராத வீடு’ வெளியாயிற்று. 1901இல் எழுத்தாளர் சங்கம் வழங்கிய ஆண்டுக்கு 60 பவுண் உதவித்தொகையைப் பெற்று, 1906இல் காலமானார். எனவே அவர் தம்மை மறைத்தமையைத் தனிமனித இயல்பாக மட்டும் கொள்வது போதாது. அது எழுத்துச் சந்தையினதும் சொத்துச் சட்டத்தினதும் விளைவுமாகும்.

நாவலின் எல்லையும் இங்கேயே உண்டு. கொலையாளி குற்றத்தை ஒப்புக்கொண்டு இறக்கின்றான். கதை சொல்லும் ஏழை எழுதுவினைஞன் ஹெலனாவை மணக்கின்றான். வர்க்க முரண்பாடு திருமணத்தால் தீர்த்துவைக்கப்படுகிறது. ஆவி அடங்குகிறது, வட்டி அடங்கவில்லை. தமிழிலே புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இதற்கு மறுதலையானது. அங்கு அச்சம் பிச்சை கேட்டு வந்து வீட்டு வேலைக்கு அமர்ந்த ஒருத்தியோடு உள்ளே நுழைகிறது. றிடெலிடம் உடைமையாளன் பேயாகிறான். புதுமைப்பித்தனிடம் உடைமையற்றவள் பேயாக ஐயுறப்படுகிறாள். கதை முடிந்த பின்னும் அவ்வையம் தீர்வதில்லை.

இந்நாவலை இரணைமடுவிலிருந்து வாசிப்போருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. 2008இன் பிற்பகுதியிலும் 2009இன் தொடக்கத்திலும் கிளிநொச்சிப் பிரதேசத்தின் வீடுகள் வெறுமையாயின. மீண்டு வந்தோர் கூரையற்ற சுவர்களின் முன்னே நின்றபோது, முதலில் எழுந்த கேள்வி காணி யாருடைய பெயரில் உள்ளது என்பதாகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட காணிகளில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து, ஆண்மக்களுக்கே முன்னுரிமை இருந்தது. அப்பாகுபாடு 2022இலேயே திருத்தத்தால் நீக்கப்பட்டது. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைப் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. போரிலே கணவரை இழந்த பெண்களும், கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்களும் வாழும் மண்ணில் இவை ஏட்டுச் செய்திகளல்ல.

ஆவியைக் கண்டு அஞ்சிய குடியிருப்பாளரைப் பற்றி மட்டும் றிடெல் எழுதவில்லை. தன் பெயரிலுள்ள வீட்டால் பயன்பெற முடியாத ஒருத்தியைப் பற்றியும் எழுதினார். அவரைக் கற்பதன் பயன் அங்கேயே உள்ளது. எம் கிராமங்களில் பேய் உலவுவதாகச் சொல்லப்படும் வீடுகளின் கதைகளைத் திரட்டுவோர், அவற்றின் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.