‘மனுஷகுமாரன்’: ஒரு பட்டத்தின் வரலாற்றுப் பொருள்

‘தேவகுமாரன்’ என்பது இயேசுவின் தெய்விகத்தையும், ‘மனுஷகுமாரன்’ என்பது அவரது மனிதத்தன்மையையும் சுட்டும் என்பது திருச்சபை மரபில் வேரூன்றிய விளக்கம். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியா இஞ்ஞாசியார் இவ்விரு பெயர்களையும் இணைத்துக் கூறினார். விளக்கம் செப்பமானதே, ஆயின் சொல்லை அது பிறந்த களத்தினின்றும் பெயர்த்துவிடுகின்றது.

தானியேல் நூலின் ஏழாம் அதிகாரம், நான்காம் அந்தியோக்கஸ் யூதரை ஒடுக்கிய கி.மு. 167–164 அளவில் உருப்பெற்றதென்பர் ஆய்வாளர் பலர். அங்கே பேரரசுகள் கடலினின்றும் எழும் விலங்குகள். அவற்றின் பின் ஆட்சி பெறும் உருவோ மனிதச் சாயலுடையது. அவ்வாட்சி ஒடுக்குண்ட பரிசுத்தவான்களுக்கே உரியதென அதே அதிகாரம் பொருள் விரிக்கின்றது. ஆகவே, அவ்வுருவை ஒரு சமுதாயத்தின் குறியீடாகக் கொள்வதே பொருத்தமாகும்.

அரமேய மொழியில் ‘மனித மகன்’ எனும் தொடர் ‘மனிதன்’ என்றே பொருள்படும். பேசுவோன் தன்னையே சுட்டும் வழக்காகவும் அது நின்றதென்றும், பட்டமே அன்றென்றும் 1967இல் கேசா வெர்மெஸ் வாதிட்டார். இதனை முற்றாக ஏற்றல் அரிது. மாற்கு 14:62இல் தானியேலின் எதிரொலி தெளிவாகவே கேட்கின்றது. அது நற்செய்தியாளர் கைவண்ணமெனினும் விளக்கம் வேண்டுவதே.

எனினும், சீடர் கதிர் கொய்த நிகழ்ச்சியில் அவர் வாதம் பெரிதும் பயன்படும். ஓய்வுநாள் மனிதனுக்காகவே என்ற கூற்றை அடுத்து, மனுஷகுமாரனே அதற்கு ஆண்டவர் என்பது வருகின்றது. அரமேயத்தில் இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒன்றே. கிரேக்கத்தின் வழிவந்த நமது ‘குமாரன்’ அவ்விணைப்பை மறைத்துவிட்டது. பசித்தோர் அனைவர்க்கும் உரிய உரிமை ஒருவரது சிறப்புரிமையாயிற்று.