ஆம்பூரில் தோலுரிக்கும் பவளம்

பாசின்னு சொன்னதும் முகம் சுளிக்கிறவரா நீங்க? ஒரே ஒரு தடவை எங்க வீட்டுக் கூடத்துல, இந்த உப்புநீர்த் தொட்டிக்கு முன்னால வந்து உட்காருங்க, அப்புறம் எழுந்திருக்க மனசே வராது! சென்னைக் கடற்கரை எங்க ஆம்பூர்லேர்ந்து கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். ஆனா இந்தக் கண்ணாடிக்குள்ள அலையடிக்குது, ஊதா நிறப் பாறை மினுங்குது, ஆரஞ்சு வெள்ளைக் கோமாளி மீன் ஜோடி ரெண்டும் என்னைப் பார்த்ததும் ஓடி வருதுங்க!

எங்க ஊர்க்காரங்களுக்கு, தண்ணியில கரைஞ்ச உப்போட அளவைச் சொல்ற டிடிஎஸ்னா என்னன்னு பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல 1996இல் தீர்ப்பு வந்தது. கேன் தண்ணி வாங்கினாக்கூட டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்க்கிற ஊர் இது. பவளத் தொட்டிக்கும் அந்த மீட்டர்தான் முதல் காவல். போர்த் தண்ணியை ஆர்.ஓ.வில் விட்டு, அதுக்கு மேல மிச்ச அயனிகளையும் நீக்குற டி.ஐ. குழாயிலும் விட்டு, மீட்டர்ல 0 காட்டின பிறகுதான் கடலுப்பையே கரைப்பேன். அந்த 0 வர்றப்ப எனக்கு வர்ற சந்தோஷம் இருக்கே, வீட்டுல யாரையாவது கூப்பிட்டுக் காட்டாம இருக்க முடியாது!

ஏன் இவ்வளவு பாடு? பாசிக்கு வெளிச்சமும், தண்ணியில நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிடைச்சாப் போதும், பாறை முழுக்கப் பச்சை முடி முளைச்சிடும். சுரண்டச் சுரண்ட வளரும். ஆனா அதைப் பட்டினி போட இன்னொரு பாசியையே ஏவி விடலாம் தெரியுமா! மேல்தொட்டி விளக்கு அணைஞ்சதும் கீழ்த்தொட்டியில ஒரு விளக்கு எரியும், அங்கே கீட்டோமார்ஃபா என்ற பாசி சிக்குச் சிக்கா உருண்டுகிட்டு, மேலேயிருந்து வர்ற சத்தையெல்லாம் உறிஞ்சும். வளர்ந்ததுல பாதியைப் பிழிஞ்சு வெளியே எடுத்துட்டா, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடவே வாளிக்குப் போயிடுது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி 1980களிலேயே இப்படிப் பாசி வளர்த்துப் பவளத் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் காட்டினார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு! ஒண்ணு மட்டும் கவனம்: சத்தைச் சுத்தமா வழிச்சு எடுத்துடக் கூடாது. நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் இல்லாமப் போனா டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புக் கோழை பாறை மேல படரும். நைட்ரேட்டை நான் 5 பிபிஎம் பக்கத்துல நிறுத்தி வெச்சிருக்கேன்.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பாருங்க, பாசி மேயற டர்போ நத்தை கண்ணாடியில ஏறும். அதோட வாய் திறந்து மூடுறது உள்பக்கமாத் தெரியும், நாக்கு ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் பச்சைப் படலத்துல ஒரு குட்டிப் பட்டை சுத்தமாகும். மணிக்கணக்கா பார்த்துகிட்டே இருப்பேன்! கடல்லயும் இந்த வேலையை ஓரா மீனும் கிளிமீனும் பார்க்குதுங்க. ஆனா மன்னார் வளைகுடா குருசடைத் தீவுல, வளர்ப்புக்குக் கொண்டு வந்த கப்பாஃபைகஸ் பாசி பவளத்தின் மேலேயே படர்ந்து மூடினதை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினப்ப, மனுஷக் கையால பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதைப் படிச்ச அன்னிக்குத் தூக்கமே வரலை எனக்கு.

இருங்க, முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்லை! கல் பவளங்கள் 2001லேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியல்ல இருக்கு, தொடவே கூடாது, தொடவும் மாட்டேன். என்கிட்ட இருக்கிறது இன்னொரு தொட்டியில வெட்டி வளர்த்த சார்கோஃபைட்டான், லெதர் கோரல்னு சொல்வாங்களே, அந்த மென்பவளம். ஒருநாள் திடீர்னு அது சுருங்கிடுச்சு, விரிஞ்சு கிடக்கிற குட்டி விரல்களெல்லாம் உள்ளே போயிடுச்சு, மேலே மெழுகு பூசின மாதிரி ஒரு மினுமினுப்பு, அதுமேல பழுப்பும் பச்சையுமா பாசி வேற. சும்மா விட்டுட்டேன், ஏன்னா அது என்ன பண்ணப் போகுதுன்னு எனக்குத் தெரியும், அதைப் பார்க்கத்தானே காத்துகிட்டிருந்தேன்! நீரோட்ட மோட்டாரைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன். கற்பனை பண்ணிப் பாருங்க, ஓரத்துல ஒரு நூல் பிரியுது, படபடன்னு அடிச்சுக்குது, இன்னும் கொஞ்சம் கிழியுது, கோமாளி மீன் வந்து மோந்துட்டுப் போகுது, நான் மூச்சைப் பிடிச்சுகிட்டு நிக்கிறேன், சட்டுனு பாலாடை எடுக்கிற மாதிரி ஒரு படலம் முழுசாக் கழண்டு, ஒட்டியிருந்த பாசியோட சேர்ந்து நீரோட்டத்துல சுத்திச் சுத்திப் போகுது, அடியில புத்தம் புது வெளிர்மஞ்சள் தோல், அதுலேர்ந்து ஒண்ணொண்ணா விரல்கள் எட்டிப் பார்க்குது, ஐயோ, நான் கத்தின கத்துல அடுப்படியிலேர்ந்து அம்மா ஓடி வந்துட்டாங்க! கையும் காலும் இல்லாத ஒரு உயிர், தன் மேல படிஞ்ச பாசியைத் தோலோட கழட்டி எறியுது, அதுவும் ஊரே தோலை நம்பி வாழ்ற ஆம்பூர்ல, என் கண்ணு முன்னால!

வர்றதா இருந்தா விளக்கு அணையற நேரத்துக்கு வாங்க, கீட்டோ உருள்றதையும் பார்த்துடலாம். போகும்போது ஒரு கைப்பிடி தர்றேன், உங்க தொட்டியிலயும் போடுங்க!