துணுக்கும் கண்டெடுப்பும்: திருகோணமலைக் கடற்செய்திகள் பற்றிய ஒரு நோக்கு

நவீன தமிழ் உரைநடையின் வகைகளை ஆராய்வோர் நாவல், சிறுகதை, கட்டுரை, தன்வரலாறு என எண்ணிச் செல்வர். அவ்வெண்ணிக்கையில் இடம்பெறாததும், ஆயினும் வாசகர் பலர் இளமையில் முதன்முதலாக வாசித்துப் பழகியதுமான ஒரு வகை உண்டு. துணுக்கு என்பது அதன் பெயர். பத்திரிகையின் மூலையிலும், வார இதழில் கதையொன்று முடிந்து எஞ்சிய இடத்திலும் நாலைந்து வரிகளில் அது அமைந்துவிடும். அரசியல், வரலாறு, கலை, சினிமா எதுவும் அதற்குப் புறம்பன்று. 1881 இல் ஜோர்ஜ் நியூன்ஸ் என்பார் இங்கிலாந்திலே 'டிட்பிட்ஸ்' என்னும் வார ஏட்டைத் தொடங்கி, பிற ஏடுகளிலும் நூல்களிலுமிருந்து பொறுக்கியெடுத்த சுவையான செய்திகளைக்கொண்டே ஓர் இதழை நடத்தலாம் என்று காட்டினார். தமிழில் தமிழ்வாணனை ஆசிரியராகக் கொண்ட 'கல்கண்டு' அவ்வழியில் நின்று பெரியதொரு வாசகர் கூட்டத்தை ஆக்கிக்கொண்டது. விமர்சனம் இவ்வகை எழுத்தைப் பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்தாமை பிழை என்றே கூறவேண்டும். ஏனெனில் ஓர் ஊரின் வரலாறு பற்றிப் பொதுமக்கள் அறிந்திருப்பதிற் பெரும்பகுதி ஆராய்ச்சி நூல்களினூடாக அன்றித் துணுக்குகளினூடாகவே அவர்களை வந்தடைகிறது.

துணுக்கின் இலக்கணம் அதன் சுருக்கத்தில் மட்டும் தங்கியதன்று. ஒரு கண்டெடுப்பைச் சூழ்ந்து நிற்கும் மூன்று வினாக்களை, அதாவது யார் கண்டார், எங்கே கண்டார், எவ்வளவு உறுதி என்பனவற்றை, அது உதிர்த்துவிடுகிறது. வியப்பு மட்டும் எஞ்சுகிறது. கையிலிருந்து கைக்கு எளிதில் மாறுவதற்கு இந்த உதிர்ப்பே உதவி செய்கிறது. திருகோணமலைத் துறைமுகச் சூழலை எடுத்துக்கொண்டால், அங்கு நிகழ்ந்தவை இந்த இலக்கணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குப் பொருத்தமானவை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மாறி மாறி வந்தோர் கைக்கொண்ட அத்துறை, வியப்புச் செய்திகளுக்கு ஒரு சுரங்கமாகவே இருந்து வந்துள்ளது.

இரு எடுத்துக்காட்டுகளை அடுத்தடுத்து வைத்து நோக்கலாம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் இளைய சகோதரரான கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின் திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டுள்ளார் என்பது ஒன்று. இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 இல், ஐராவதி ஆற்றிற் கப்பலில் இருக்கையில் அவர் இறந்தார். கல்லறையும் கடற்படைப் பதிவும் இங்கு ஒன்றையொன்று மறுக்கவில்லை. மற்றையது சுவாமிமலையின் விளிம்பில் நிற்கும் கற்றூண் பற்றியது. பழங்கோயிலின் தூண் எனக் கருதப்படும் அதிலே பிரான்சினா வான் ரீட் என்னும் பெயரும் 1687 ஆம் ஆண்டும் ஒல்லாந்த மொழியிற் பொறிக்கப்பட்டுள்ளன. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைக் கண்டு மனமுடைந்த ஒல்லாந்த மங்கை அம்மலையுச்சியிலிருந்து பாய்ந்து உயிர்விட்டாள் என்பது நெடுங்காலமாக வழங்கும் கதை. அம்மங்கை அந்நாளின் பின்னரும் உயிரோடிருந்து மணம்புரிந்தார் என்பது ஒல்லாந்தப் பதிவேடுகளால் தெரியவந்தது. ஆயினும் கதை நின்றுவிடவில்லை. 'காதலர் பாய்ச்சல்' என்ற பெயருடன் பயண வழிகாட்டிகள் அதனை இன்றும் சுமந்து திரிகின்றன.

ஒஸ்டினின் கல்லறையும் பிரான்சினாவின் தூணும் துணுக்கு வடிவில் ஒரே எடை உடையன. வாசகனால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. கோயிற்றூண் ஒன்று அந்நியரின் காதற்கதைக்கு நினைவுக்கல்லாகிப்போன வரலாறு துணுக்கிலே சொல்லப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. சொல்லியிருப்பின், பாய்ந்த மங்கையின் கதையைவிட அதுவே வாசகனை நெடுநேரம் நிறுத்தியிருக்கும்.

இக்குறை அந்நியருக்கே உரியதென்று எண்ணிவிடலாகாது. கோட்டை வாயிலின் நிலைக்கல்லில் தமிழ் எழுத்துகள் சில உள்ளன. குளக்கோட்டன் எடுத்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் அழிப்பர் என முன்னுரைக்கும் செய்யுளின் பகுதியாக அவை கொள்ளப்படுகின்றன. கல்லில் எழுத்துகள் இடையிடையே சிதைந்துள்ளன, வரிகளும் முற்றுப்பெறவில்லை. மக்கள் நாவிலும் அச்சிலும் வழங்கும் செய்யுளோ முழுமையானது, தடையின்றி ஓடுவது. சிதைந்த கல்லுக்கும் சிதையாத செய்யுளுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பியவர் யார், எக்காலத்தவர் என்ற வினா எழுப்பப்படவேண்டியது. பற்றின் காரணமாக எழுப்பாது விடுவோமாயின், பிரான்சினா கதையைப் பரப்புவோரை நோக்கிக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

கடலோரத்துக் கண்டெடுப்புகளுள் நம் காலத்துக்கு அண்மையன இரண்டு. 1950 இல் திருகோணமலை நகரசபையினர் கோட்டைப் பகுதியருகே கிணறு தோண்டுகையில் மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய அவ்வுருவங்கள் 1620களிற் போர்த்துக்கேயர் ஆலயத்தை இடித்த காலத்தில் மறைத்துவைக்கப்பட்டவை என்று கொள்ளப்படுகின்றன. அச்செய்தி பரவிய முறை தனித்துவமானது. பத்திரிகைகள் எழுதியது உண்மையே. ஆனால் திருமேனிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டமையால், கண்டெடுப்பே ஊரூராகச் சென்று தன்னைக் காட்டிக்கொண்டது. எழுத்தறியாதவரும் அதனை நேரிற் கண்டனர். மூன்று ஆண்டுகளின் பின், தனிநாயகம் அடிகளை ஆசிரியராகக் கொண்ட 'தமிழ் கல்ச்சர்' ஏட்டிலே டாக்டர் பாலேந்திரா அவற்றைப் பற்றி எழுதினார். ஊர்வலத்திற் பெற்ற பரவசமும் ஆய்வேட்டிற் பெற்ற விவரிப்பும் ஒரே பொருளைச் சென்றடைந்த அரிய சந்தர்ப்பம் அது. ஆயின் அவ்வேடு ஆங்கில ஏடு. ஊர்வலத்தின் பின்னே நடந்தவர்களுள் எத்தனைபேர் அதனை வாசித்திருக்க இயலும்?

இரண்டாவது கண்டெடுப்பு கடலுக்கடியில் நிகழ்ந்தது, உலகெங்கும் பேசப்பட்டது. 1956 இல் இலங்கைக்கு வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்தம் தோழர் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடிவாரத்திற் சுழியோடி, அங்கே செதுக்கப்பட்ட தூண்களும் கட்டடக் கற்களும் கிடப்பதைக் கண்டனர். 1957 இல் வெளிவந்த கிளார்க்கின் 'தி ரீஃப்ஸ் ஒவ் தப்ரபேன்' என்ற நூலில் அது இடம்பெற்றது, படங்கள் வில்சனுடையவை. தப்ரபேன் என்பது கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர்.

இந்நூலை இருவகையாக மதிப்பிடவேண்டியுள்ளது. துணுக்கு உதிர்த்துவிடும் மூன்று வினாக்களில் முதலிரண்டுக்கும் அது விடையளிக்கிறது. யார் மூழ்கினார், எங்கே மூழ்கினார் என்பவை மறைக்கப்படவில்லை. நிழற்படம் சான்றாக உடன்வருகிறது. அறிவியற் பயிற்சியுள்ள ஒருவர், தாம் கண்டதைப் பொதுவாசகனுக்குக் கொச்சைப்படுத்தாமல் எடுத்துக்கூறும் உரைநடை அது. தமிழிலே பயணநூல் எழுதுவோர் பலரிடம் காணப்படாத ஒழுங்கு அதிலுண்டு.

ஆனால் நூலின் அமைப்பு சுழியோடியை நடுவாகக் கொண்டது. பவளப்பாறை, மீன், மூழ்கிய கப்பல் என்ற வரிசையிலே கோயிலும் வருகிறது. அவ்வரிசையில் வைத்தவுடன் கோயில் ஒரு 'கண்டுபிடிப்பு' ஆகிவிடுகிறது. இச்சொல்லே விமர்சனத்துக்குரியது. சுவாமிமலையில் ஆலயம் இல்லாதிருந்த காலத்திலும் மலைவிளிம்பில் நின்று கடலை நோக்கிப் பூசை செய்யும் வழக்கம் தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வந்த ஆங்கிலேயரே அதனைக் கண்டு எழுதியுள்ளனர். மலருங் காய்கனியும் எந்த நீரிலே இடப்பட்டனவோ, அந்நீரின் அடியிலேதான் கற்கள் கிடந்தன. கோயில் இருந்த இடத்தை எவரும் மறந்திருக்கவில்லை. கற்களைக் கண்ணாற் காணும் கருவி மட்டுமே புதிது. முகமூடியும் காற்றுக்குடுவையும் உடையவர் கண்டபோது அது கண்டுபிடிப்பு என்றும், கரையில் நின்று தலைமுறை தலைமுறையாக அறிந்தோரது அறிவு ஐதீகம் என்றும் பெயர்பெற்றமை, செய்தியை எழுதுகின்ற மொழி எவரிடம் இருந்தது என்பதைப் பொறுத்த விளைவாகும். கிளார்க் இதனை வேண்டுமென்று செய்தார் எனக் கூறுதல் நியாயமாகாது. அவர் எழுதிய நூல்வகையின் இயல்பு அது.

நூலிலிருந்து வெண்திரைக்குச் சென்றபோது மாற்றம் மேலும் தெளிவாயிற்று. 1962 இல் வில்சனின் நெறியாள்கையில் 'ரன் முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படம் வெளியாயிற்று. அதுவே முதலாவது முழுநீள வண்ணச் சிங்களப் படம். காமினி பொன்சேகா நடித்தார், அமரதேவ இசையமைத்தார். திருகோணமலைக் கடலின் அடித்தளத்தை இந்நாட்டு மக்கள் முதன்முதலாகக் கொட்டகையில் அமர்ந்து கண்டனர். கலைச்சாதனை என்ற வகையில் அதன் இடம் உறுதியானது. ஆயினும் 'பொன்முத்துத் தீவு' என்ற அதன் தலைப்பைக் கவனிக்கவேண்டும். கடலுக்கடியிலே கிடப்பது புதையலாகவே இருக்கவேண்டும் என்பது பொழுதுபோக்கின் எதிர்பார்ப்பு. இதே காலத்தில், 1961 இல், தெற்கே பெரிய பாஸஸ் பாறைகளருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து மொகலாயர் கால வெள்ளி நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டமையும் கிளார்க் அதனைத் தனிநூலாக எழுதியமையும் அவ்வெதிர்பார்ப்புக்கு வலுவூட்டின. வெள்ளி நாணயம் புதையல்தான், ஐயமில்லை. இடிக்கப்பட்ட கோயிலின் தூணைப் புதையல் என்பதற்கு மனம் ஒப்பவில்லை. புதையலை எடுத்தவர் கொண்டுபோகலாம், தூணுக்கோ அது நின்ற இடம் ஒன்று உண்டு.

வில்சனின் பிற்கால வாழ்க்கை இங்கு ஒரு விசித்திரமான பின்குறிப்பு. கடலடியிலிருந்து இலிங்கம் ஒன்றை வெளிக்கொணர்ந்தவர் அவரே. பின்னர் திரையுலகைத் துறந்து சுவாமி சிவகல்கி என்ற பெயருடன் துறவியாக வாழ்ந்து 1995 இல் மறைந்தார். கண்டெடுத்த பொருளை உலகுக்குக் காட்டப் புறப்பட்டவரை அப்பொருளே தன்பால் ஈர்த்துக்கொண்டது போலும். மலைமேற் புதிய ஆலயத்துக்கு 1963 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இவ்வாறு 1950 முதல் 1963 வரையான பதின்மூன்று ஆண்டுகளில், ஒரே மலையைச் சூழ்ந்து கண்டெடுக்கப்பட்டவை ஊர்வலமாகவும், ஆய்வுக்கட்டுரையாகவும், ஆங்கிலப் பயணநூலாகவும், சிங்களத் திரைப்படமாகவும், வழிபாடாகவும் ஐந்து வடிவம் எடுத்தன. இவ்வைந்தில் தமிழ் உரைநடையின் பங்கு எது என்று கேட்குமிடத்து, இதழ்களின் துணுக்கே கண்முன் வந்து நிற்கிறது. ஆர்தர் கிளார்க் என்ற பெயரையும் கடலடிக் கோயில் என்ற வியப்பையும் இணைத்து நாலு வரி. 'தட்சிண கைலாச புராணம்', 'கோணேசர் கல்வெட்டு' ஆகியவை கூறுவனவற்றையும், கிணற்றடித் திருமேனிகளையும், கடலடிக் கற்களையும் ஒருங்குவைத்து, உறுதியானது இது, ஊகம் இது என்று பிரித்துக்காட்டும் எழுத்து, அதுவும் சாதாரண வாசகன் இன்புற்று வாசிக்கத்தக்க எழுத்து, அந்நாலு வரிகளின் இடத்தில் இருந்திருக்கவேண்டும்.

அத்தகைய எழுத்துக்கு வேண்டிய ஆற்றல் அம்மண்ணில் இல்லாமற் போகவில்லை. திருகோணமலையிற் பிறந்து, சென்னையிற் கீழைத்தேயச் சுவடி நூலகத்திற் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இலேயே 'மோகனாங்கி'யை எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவலென அது மதிக்கப்படுகிறது. ஏடுகளுக்கிடையே கிடந்த வரலாற்றை வாசகன் விரும்பிப் படிக்கும் கதையாக்கும் வித்தையை அவர் அறிந்திருந்தார். தஞ்சை, மதுரை நாயக்கர் வரலாற்றை அவர் தேர்ந்துகொண்டார். தம் ஊரின் மலை அவர் நாவலுக்குப் பொருளாகவில்லை. முப்பத்தேழாம் வயதில், 1902 இல், அவர் காலமானார். கிளார்க்கின் நூல் வெளிவருவதற்கு அப்போது இன்னும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன.