புந்தலக் களப்பின் கால்கள்

தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு மைனாவும் செண்பகமும் கொண்டைக்குருவியும் பழக்கம். லுணுகலையிலிருந்து பசறை, எல்ல, வெல்லவாய என்று இறங்கி, திஸ்ஸமகாராமையையும் தாண்டினால் புந்தல. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே கண்ணுக்கு வேறு படிப்பு வேண்டும்.

அந்தக் களப்புகளின் அழகே ஆழமின்மைதான். ஓரத்துச் சேற்றில் கொசு உள்ளான் ஓடும். 30 கிராம் தேறுவதே அபூர்வம், ஆர்க்டிக் கரையில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கும். சற்று உள்ளே, இளஞ்சிவப்புக் கால்களில் பவளக்காலி. இன்னும் உள்ளே மஞ்சள் மூக்கு நாரை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறும். மீன் பட்டதும் சட்டென்று மூடிவிடும். கண்ணால் அல்ல, தொடுகையால் வேட்டை! யார் எங்கே நின்று இரை தேடுவது என்பதைக் காலின் நீளமும் அலகின் வடிவும் பங்கு பிரித்திருக்கின்றன. ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றால்தான் இது பிடிபடும். ஜீப்பை விரட்டி யானை தேடுபவர்கள் இழப்பது பெரிது.

மனதை வருத்துவது பூநாரை. ஆயிரக்கணக்கில் வந்தது, இப்போது அருமையாகிவிட்டது. கிரிந்தி ஓயாத் திட்டத்து வயல்களிலிருந்து வடியும் நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளின் உவர்ப்பைக் குறைத்ததால், அதன் இரையான சிற்றுயிர்கள் குறைந்தன. அந்த ஆறு பிறப்பது எங்கள் ஊவா மலையில், பண்டாரவளைப் பக்கம்.

போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் விடியலுக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கானலில் ஓர் உள்ளானை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது.