கொலுப் பூங்காவில் பவளப்பாறை எதற்கு?

கொலுப் படிகளின் அடியில் அமைக்கும் பூங்காவுக்குள் ஜப்பான் புகுந்து சில காலம் ஆகிறது. கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் புல்தரை காட்டிய இடத்தில் இப்போது வெள்ளை மணல், அதில் முள்கரண்டியால் இழுத்த அலைக்கோடுகள், ஒரு சிவப்புப் பாலம், காகிதக் கதவு வைத்த பொம்மை வீடு. கொலுப் போட்டிக்கு வரும் நடுவர்களுக்கும் இது பிடித்துப்போகிறது. தூத்துக்குடியில் இதற்குக் கூடுதலாக ஒரு கவர்ச்சி உண்டு. கருங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பவளப்பாறைத் துண்டை நட்டுவைக்கிறார்கள். கேட்டால், "கரையில் ஒதுங்கினதுதானே, செத்ததுதானே" என்று பதில் வருகிறது.

அந்நிய மோகம் என்று சொல்லி இந்தத் தோட்டத்தை ஒதுக்க வேண்டியதில்லை. செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் கிரிக்கெட் அணியையும் ரயில் வண்டியையும் உட்காரவைத்தது நம் கொலு. ஜப்பானியரும் மார்ச் 3ஆம் தேதி ஹினமட்சுரிக்குச் சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன் அரசி பொம்மைகளை அடுக்குகிறார்கள். தட்டில் மணலும் கல்லும் பரப்பி மலையும் கடலும் காட்டும் போன்செகி அங்கே ஒரு தனிக்கலை. கைவேலையிலும் குற்றம் சொல்ல முடியாது. பொம்மை வீட்டின் வழக்கமான அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்குள், விளக்குமாற்றுக் குச்சியை நறுக்கி நூலால் முடிந்து மூங்கில் வேலி கட்டுகிறவருக்கு எந்தப் பாராட்டும் தகும்.

கோளாறு கல்லில்தான்.

முதலில் கண்ணால் பார்க்கலாம். உருண்டைப் பவளத்தின் மேல்பரப்பு முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது. ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குழியைப் பன்னிரண்டால் பெருக்கினால், பொம்மை வீட்டுக்காரரின் முற்றத்தில் 12 சென்டிமீட்டர் பள்ளங்கள் நிறைந்த விசித்திரமான பாறை நிற்கும். நுண்ணிய மணி கொண்ட கருங்கல் சில்லோ எந்த அளவிலும் பாறையாகவே தெரியும். கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் தோட்டத்தில் 15 கற்கள் இருக்கின்றன. உட்கார்ந்து பார்க்கிற எந்த இடத்திலிருந்தும் ஒன்றாவது மறைந்துவிடும். கற்களை அப்படி அடக்கமாக வைத்ததில் இருக்கிறது அந்தக் கலை. பவளத்துண்டோ எங்கே வைத்தாலும் தன்னைப் பார் என்கிறது.

அழகுக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். 'செத்ததுதானே' என்ற சமாதானத்தைப் பொறுக்க முடியவில்லை, அதுவும் தூத்துக்குடியில். மன்னார் வளைகுடாத் தீவுகள் எதனால் ஆனவை? செத்த பவளத்தின் சிதைவும் மணலும் அலையால் குவிந்து எழுந்தவை அவை. உயிர்ப்பவளம் அலையின் வேகத்தைத் தடுக்கிறது, செத்த பவளம் தீவுக்கு மண்ணாகிறது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இப்படிச் சேர்ந்ததைத்தான் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று படகு படகாக வெட்டி எடுத்தார்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் வெட்டு உடனே நிற்கவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்தது. தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போனது. 1986இல் 16 எக்டேர் இருந்த வான் தீவு தேய்ந்து தேய்ந்து இரண்டு எக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அதைக் காப்பாற்றக் கடலடியில் கான்கிரீட்டால் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டிவந்தது. ஊரே இயற்கைப் பாறையை இழந்து சிமென்ட் பாறை போடுகிறது, கொலுவில் மட்டும் அசல் பாறை கேட்கிறது.

அந்தச் சமாதானத்தில் உண்மை எவ்வளவு என்பதும் சந்தேகம். அலையில் உருண்டு கரைக்கு வந்த துண்டு முனை மழுங்கி, விரல் கட்டை போல இருக்கும். கொலுக்களில் காணும் துண்டுகளோ கிளை முறியாமல், முனை கூராக, பால் வெள்ளையில் இருக்கின்றன. அவை தானாக ஒதுங்கியவை அல்ல. யாரோ கடலடியிலிருந்து பிடுங்கி வெளுத்திருக்கிறார்கள்.

சட்டமும் இதில் தெளிவு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கடினப் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. செத்தது என்பதால் விலக்கு கிடையாது. புலித்தோலை ஒருவர் கூடத்தில் மாட்டி 'செத்த புலிதானே' என்றால் சிரிப்போம்.

துறைமுகமும் ஆலைக்கழிவும் செய்த கேட்டை விட்டுவிட்டுக் கொலுவைப் பிடிப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எந்த ஆலையும் மக்கள் கைகூப்பி நிற்கும் இடத்தில் கழிவை அலங்காரமாக வைப்பதில்லை. பவளத்தை அழகுப்பொருளாக நாலு பேருக்குக் காட்டி, அடுத்த ஆண்டு அவர்களும் தேடும்படி செய்கிறது கொலு. கேடு அளவில் சிறிதாக இருக்கலாம், கூச்சமில்லாமல் நடக்கிறது.

ஜப்பானியத் தோட்டம் என்று பெயர் வைப்பவர்கள் ஜப்பானியர் செய்ததையும் கொஞ்சம் பார்க்கலாம். கியோட்டோத் தோட்டங்களின் புகழ்பெற்ற வெள்ளைச் சரளை ஷிரகவா ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது. 1950களின் பிற்பகுதியில் ஆற்றிலிருந்து அதை அள்ளுவது தடைசெய்யப்பட்டது. இன்று மலைக்கல்லை உடைத்துச் சரளையாக்கிக்கொள்கிறார்கள். தோட்டங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

தூத்துக்குடிக்காரருக்கு வெள்ளைச் சரளை வேண்டுமென்றால் உப்பளத்துக் கல்லுப்பு இருக்கிறது. மழை ஈரத்தில் கசியும், நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும், அவ்வளவுதான். பாறைக்கு, வீடு கட்டும் இடத்தில் சிந்திக் கிடக்கும் ஜல்லி போதும். வேலிக்குப் பனை ஈர்க்கு. பாசிக்குப் பழைய கேழ்வரகு முளையே மேல், சில நாளில் பச்சை கட்டிவிடும்.

இந்த நவராத்திரிக்கு மதிப்பெண் போட வீடு வீடாகப் போகும் நடுவர்கள், மணல் கோட்டின் நேர்த்தியைப் பார்க்கும் முன் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். பவளத்துண்டு வைத்த தோட்டம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அதற்குப் பரிசு தரக்கூடாது.